பசிக்கல்ல மச்சான்

அவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் அந்தப் பெயரைப் போதுமான அளவு சொல்லியாயிற்று. பந்து விளையாட்டுப் பற்றிக் கதை வந்தாலும் அவன் பெயர்தான், பொறுமை பற்றிக் கதை வந்தாலும் அவன் பெயர்தான். என் உம்மா என்னைக் கூப்பிட்டதைவிட அவன் பெயரைச் சொன்னதுதான் அதிகமாக இருக்கும்.

நாங்கள் ஒரே வயது. ஒரே வகுப்பு, ஒரே கழகம். நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையோரம் பந்து விளையாடுவோம். அரை மணித்தியாலத்தில் எங்களுக்கெல்லாம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொருவனாக மணலில் சரிந்து மல்லாந்து கிடப்போம். அவன் மட்டும் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஓடிக்கொண்டிருப்பான். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு கேட்டதும் நாங்கள் பேரீச்சம்பழத் தட்டில் விழுவோம். அவன் ஒரு மிடறு தண்ணீரால் நோன்பைத் துறந்துவிட்டுத் தட்டை எங்கள் பக்கம் தள்ளுவான்.

"நீங்க எடுங்க. எனக்குப் பசிக்கல்ல மச்சான்."

அவன் வாயிலிருந்து அதிகமாக வந்த வசனம் அதுதான். கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்த பிறகு ஓர் ஆள் கூடிவிட்டால் எழுந்து இடம் விடுகிறவன் அவன். மழைக்காலத்தில் வெளியூர் ஆட்டத்துக்குப் போய் வான் வண்டி பழுதாகி நின்றால், கிடைத்த பாண் ரொட்டியை எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறவன் அவன். இதையெல்லாம் யாராவது ஒருவர் வந்து உம்மாவிடம் சொல்லிவிடுவார். உம்மா என் முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டே சொல்வார்:

"அந்தப் புள்ளயும் ஒன்ன மாதிரி ஒரு உம்மாட வகுத்துலதானே மனே பொறந்திரிக்கான்."

அந்தச் சோறு தொண்டையில் எப்படி இறங்கும்? ஆனாலும் இறங்கும். நான் பசி தாங்காதவன்.

அவனுடைய கால்களில்தான் எனக்கு முதல் பொறாமை. கொழுப்பு என்று கிள்ளி எடுக்க ஒன்றும் இல்லாத உடம்பு. பந்தை உதைக்கும்போது தொடைத் தசை கயிறு முறுக்கியதுபோல் திரளும். நானும் அதே மணலில்தான் ஓடினேன், அதே மீனைத்தான் தின்றேன். என் கால்கள் கடைசிவரை சாதாரணக் கால்களாகவே இருந்தன.

கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. அங்கேயும் அவன் என்னை விடவில்லை. மருத்துவ பீடத்தில் யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா ஒருவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதற்குச் சுகதேகிகளான இளைஞர்கள் தேவை என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. எந்த நோயும் இருக்கக்கூடாது, புகைக்கக்கூடாது. முதலில் பெயர் கொடுத்தது நான். இந்த ஒன்றிலாவது முந்திக்கொள்வோம் என்று நினைத்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் என் பெயருக்குக் கீழே அவன் பெயர்.

இரவு ஒன்றும் சாப்பிடாமல் காலையில் போனோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரு கையில் இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றினார்கள், மற்றக் கையிலிருந்து இடைக்கிடை இரத்தம் எடுத்தார்கள். தசையிலிருந்து என்ன கரைந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, அடையாளமிட்ட ஓர் அமினோ அமிலத்தையும் சேர்த்து ஏற்றினார்கள். டாக்டர் அம்மா இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"சாப்பிட்ட நேரம் இன்சுலின் கூடும். அது தசையிட்டை, உன்ர புரதத்தை உடைக்காதை, வச்சிரு எண்டு சொல்லும். ஆனா இரத்தத்தில சீனி ஓரளவுக்குக் கீழ விழுந்தா மூளைக்கு ஆபத்து. அப்ப அதிரினலின், குளுக்ககன், கோட்டிசோல் எண்டு வேற ஓமோன்கள் வெளிக்கிட்டு வந்து இன்சுலின்ர சொல்லை மேவப் பாக்கும். தசைப்புரதம் உடைஞ்சு அமினோ அமிலம் ஈரலுக்குப் போகும். ஈரல் அதைச் சீனியாக்கி மூளைக்கு அனுப்பும். நோயாளியளில இல்லை, உங்களைப்போல சுகமான ஆக்களில இது எவ்வளவுக்கு நடக்குது எண்டுதான் நான் பாக்கிறன்."

அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டான்: "அப்ப நம்மட தொடையத்தான் நம்மட தல தின்னப்போகுது, என்ன மிஸ்?"

டாக்டர் அம்மா சிரித்தார். "கொஞ்சமாத்தான். பயப்பிடாதையும். திரும்பச் சாப்பிட உடம்பு அதைக் கட்டிப்போடும்."

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எனக்கும் விளங்கித்தான் இருந்தது. ஆனால் கேட்டு அவரைச் சிரிக்க வைத்தவன் அவன்.

சீனி இறங்கத் தொடங்கியது. முதலில் உள்ளங்கை வியர்த்தது. பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல்கள் நடுங்கின. அதன் பின் வந்த பசியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கட்டிலின் இரும்பைக் கடிக்கலாம் போலிருந்தது. அத்தோடு காரணமில்லாத ஒரு பயம். நான் செத்து மௌத்தாகப் போகிறேன் என்றே நினைத்தேன்.

"நிப்பாட்டுங்க மிஸ்! எனக்கு ஏலா!" என்று கத்திவிட்டேன். உடனே நிறுத்திக் குளுக்கோசைக் கூட்டினார்கள். சற்று நேரத்தில் இனிப்புத் தேத்தண்ணியும் பணிஸ் ரொட்டியும் வந்தன. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தின்றுகொண்டே அவனைப் பார்த்தேன். சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. "எப்பிடி இருக்குது தம்பி?" என்று டாக்டர் அம்மா கேட்கும்போதெல்லாம், "ஒண்டுமில்ல மிஸ்" என்றான். கடைசிவரை கிடந்தான்.

பிறகு டாக்டர் அம்மா கூப்பிட்டு அவனுடைய பெறுபேற்றைக் காட்டினார். சீனி கீழே நின்ற நேரத்தில், அத்தனை இன்சுலின் இருந்தும், அவன் தசை புரதத்தை விடத் தொடங்கியிருந்தது. "உம்மட இரத்தம் எனக்கு வலு பிரயோசனம்" என்றார் அவனிடம். என்னுடையதை இடையில் நிறுத்தியதால் கணக்கில் எடுக்க முடியாதாம். இரத்தத்தில்கூட அவனுடையதுதான் நல்ல இரத்தமாகிவிட்டது.

இதையெல்லாம் சிரித்து மறந்திருப்பேன். அதற்குள் மாமியின் மகள் விஷயம் வந்தது.

என் வாப்பாவின் தங்கச்சிதான் மாமி. அவர் மகள் எனக்கு முறை மச்சி. சின்ன வயதிலிருந்தே வீட்டில் எல்லாரும் எங்களை இணைத்துத்தான் பகிடி பண்ணுவார்கள். நான் வாசலில் கால் வைத்ததும், "உம்மா, வட்டிலாப்பச் சட்டிய மூடுங்க, ஆள் வந்திட்டார்" என்று உள்ளிருந்து அவள் குரல் வரும். அந்தப் பகிடியைக் கேட்பதற்காகவே நான் போவேன். போய்க் கேட்டு வாங்கித் தின்பேன். அவள் வயிறு குலுங்கச் சிரிப்பாள். எனக்கு அது போதும் என்று இருந்துவிட்டேன். வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை.

பட்டம் முடிந்ததும் அவனுக்கு விஞ்ஞான ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அவள் படித்த பாடசாலைக்குத்தான் போனான். அடுத்த வருடம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீயும் என்ட புள்ளதான் மனே. ஆனா அவள் அந்தப் புள்ளக்கித்தான் ஓம் எண்டாள். நான் என்னத்தச் செய்ய?"

"எனக்கென்ன மாமி, நல்ல விஷயம்தானே" என்றேன். அந்தக் கல்யாணத்தில் பந்தி கவனித்தது நான்தான்.

எனக்குச் சம்மாந்துறையில் பெண் எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் அங்கே குடிபோய், கல்முனையில் ஒரு தனியார் வைத்திய நிலையத்து ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவன் மாமியின் வீட்டுக்குக் குடிவந்தான். கடற்கரைப் பக்கம், அலைச் சத்தம் கேட்கிற வீடு. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. என் மனைவி நல்லவள், இன்றைக்கும் நல்லவள். ஆனால் நான் மாமியின் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் அவன் கரைக்குத் தூரமான சவளக்கடையில், தன் வாப்பாவின் வயலில் நின்றிருந்தான். நான் சம்மாந்துறையில் இருந்தேன். ஆட்களை ஏற்றிய உழவு இயந்திரங்கள் எங்கள் வீதியால் வரத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரிய வீதிக்கு மேற்கே இருந்த உம்மாவின் வீட்டு வாசலில் சேறு நின்றது. உம்மாவும் தங்கச்சியும் உயிரோடு இருந்தார்கள். கடற்கரைப் பக்கம் மாமியின் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அவன் அந்தக் கட்டைப் பிடித்தபடி நின்றான்.

மாமியின் உடலையும் மகளின் உடலையும் கண்டெடுத்தோம். குழந்தை கிடைக்கவே இல்லை.

ஜனாஸாக்களை அடக்கிய பிறகு ஊரே அவனைக் கட்டிப்பிடித்து அழுதது. வயதானவர்கள் அவன் தலையைத் தடவினார்கள். பேரைக்கூடத் தெரியாதவர்கள் அவன் தோளில் சாய்ந்து விம்மினார்கள். நான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு ஓரமாக நின்றேன். என்னை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. எதற்குப் பிடிக்க? நான் மாமிக்கு அண்ணன் மகன், அவ்வளவுதான். அன்றைக்கு ஊரில் அழாத வீடு இல்லை. அந்தச் சேற்றில் நின்றுகொண்டும் அவன் அழுவதற்கிருந்த உரிமையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதை இன்றைக்கும் என்னால் வேறு எந்தச் சொல்லாலும் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு அவன் தின்பதை விட்டுவிட்டான்.

விட்டான் என்று யாருக்கும் தெரியவில்லை. பாடசாலையில் இருந்த அகதி முகாமில் சோற்றுப் பார்சல் பங்கிடுகிறவனே அவன்தான். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை யாராவது பிள்ளையின் கையில் வைப்பான். "பசிக்கல்ல." சீனியில்லாத தேத்தண்ணியும் பாண் துண்டும்தான் அவன் சாப்பாடு. இடம்பெயர்ந்தவர்கள் தற்காலிகக் குடிசைகளுக்கு மாறிய காலத்தில் அவன் சேர்ட் கொடியில் காய்வதுபோல் தொங்கியது. ஊர் அதையும் புகழ்ந்தது. பெண்சாதி பிள்ளையில் வைத்த பாசத்தில் உருகிப்போனான் என்றார்கள்.

ஒருநாள் முற்பகல் அவனை ஓட்டோவில் கிடத்திக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்தார்கள். குடிசை வேலைக்குப் பலகை தூக்கும்போது விழுந்துவிட்டானாம். டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். சீனி நன்றாக இறங்கியிருந்தது. குளுக்கோசு ஏறியதும் கண்ணைத் திறந்தான். டாக்டர் எழுதித் தந்த எல்லாப் பரிசோதனைகளையும் நானே செய்தேன். நீரிழிவு இல்லை. சயரோகம் இல்லை. ஈரல், சிறுநீரகம், தைரொயிட் எல்லாம் சரி. அவன் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, டாக்டர் தொடையைத் தொட்டுப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எலும்பைச் சுற்றித் தோல்தான் இருந்தது.

"இவருக்கு ஒரு நோயும் இல்ல" என்றார் டாக்டர் என்னிடம். "திங்காத ஆளுக்கு முதல்ல சீனி குறையும். உடம்பு சதைய உடைச்சி அதச் சமாளிக்கும். மத்தவங்க எண்டா கொழுப்ப எரிச்சிக் கொஞ்சக் காலம் சதையக் காப்பாத்தலாம். இவர்ட கொழுப்பும் இல்ல. இப்ப சதையும் முடியப்போகுது. அதுதான் சீனியக்கூடத் தூக்கி நிறுத்த ஏலாம விழுந்திருக்கார். ஒரேயடியாத் திங்கக் குடுத்திராதீங்க, அது இன்னும் ஆபத்து. கஞ்சியில தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. புறகு முட்ட, மீன், பருப்பு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா இங்க கூட்டிட்டு வாங்க."

டாக்டர் போனதும் நானும் அவனும்தான் அறையில் இருந்தோம். அவன் கையில் குளுக்கோசுக் குழாய். நான் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் அடக்க முடியவில்லை.

"நீ மட்டுந்தான் அவளுக்காகப் பட்டினி கிடக்கலாமெண்டு நெனைக்கியா?"

"எனக்குத் தெரியும் மச்சான்" என்றான்.

"என்ன தெரியும்?"

"ஒன்ட மனசு. அவளுக்கும் தெரியும். ஒன்னப் பத்தி அடிக்கடி கதைப்பாள். வாய் திறந்து கேட்டு வாங்கித் திங்கிற ஆளப் பாக்கவே சந்தோசமா இரிக்கும், நீங்களும் இரிக்கீங்களே எண்டு எனக்கு ஏசுவாள். மச்சான், ஒன்னில எனக்கு எப்பவும் எரிச்சல்தான்."

"என்னிலயா?"

"அண்டைக்கு மிஸ்ட கட்டில்ல நானும் பயந்துதான் கிடந்த. மௌத்தாகப் போறனெண்டுதான் நெனச்ச. நீ நிப்பாட்டுங்க எண்டு கத்தின. எனக்கு வாய் வரல்ல. இப்பவும் அதுதான். பசிக்குதெண்டு சொல்ல வாய் வருகுதில்ல. சொன்னா, அவங்க இல்லாம நான் இருந்திருவன் எண்டு ஆகிருமே."

இத்தனை வருடம் நான் எரிந்தது அவனுடைய பலத்தைப் பார்த்து. அது பலமே இல்லை என்கிறான். அவளுக்கு என்னைப் பார்த்தால் சந்தோசமாம். அதை அவள் எனக்குச் சொல்லாமல் இவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லும் இத்தனை காலம் இவனிடம்தான் இருந்திருக்கிறது. பொறாமை தீரவில்லை, இடம்தான் மாறியது.

விஷயம் கேட்டு ஓடிவந்த உம்மா அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். முன்னறையில் கட்டில் போட்டார். முதலில் அரிசிக் கஞ்சி. பிறகு தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி. அடுத்த கிழமை பருப்பு, அதற்கடுத்து அவித்த முட்டை. என் தங்கச்சி சமைத்துத் திரைக்கு இந்தப் பக்கம் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். அவன் பாதி தின்று பாதி வைப்பான். நான் வேலை முடிந்து, அவனைப் பார்க்கிற சாட்டில் உம்மாவின் கையால் தேத்தண்ணி குடிக்கப் போவேன். உம்மா எனக்கு வெறும் தேத்தண்ணியும், அவனுக்கு முட்டை அடித்த பால் தேத்தண்ணியும் தருவார்.

"எனக்கும் ஒரு முட்ட அடிச்சாத் தேஞ்சி போயிருமா உம்மா?"

"ஒனக்கென்ன கொற மனே, கல்லுப்போல இரிக்காய். அந்தப் புள்ளயப் பாரு."

ஒரு பகல், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே சூரைமீன் ஆணம் மணத்தது. உம்மா அயல்வீட்டுக்குப் போயிருந்தார் போல. அவன் குரல் கேட்டது, திரையைப் பார்த்து.

"இன்னும் கொஞ்சம் சோறு இரிக்கா? பசிக்குது."

திரைக்கு அந்தப் பக்கம் அகப்பை சட்டியில் படும் சத்தம் அவசரமாகக் கேட்டது. தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொள்வதும் கேட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டேன். சந்தோசப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இத்தனை காலக் கூட்டாளி நான் இருக்க, அந்தச் சொல்லை அவன் என் தங்கச்சியிடம் சொல்லியிருந்தான்.

உடம்பு மெல்லத்தான் கட்டியது. உடைத்த அவசரத்தில் அது திரும்பக் கட்டுவதில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான். தன் வாப்பாவின் வீட்டுக்குத் திரும்பினான். ஆனாலும் பகல் சோறு எங்கள் வீட்டில்தான். பல மாதம் கழித்துப் பிள்ளைகளோடு பந்தை உதைத்தான் என்று கேள்விப்பட்டேன்.

கடல் வந்து நாலு வருடம் கடந்து, யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன கிழமை. பெரிய வீதியில் வெடி கொளுத்தினார்கள். படையினர் வாகனங்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். சிலர் வாங்கித் தின்றார்கள். சிலர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வடக்கில் முட்கம்பிக்குள் இருந்த சனங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு உம்மா, "அதுகள் திண்டதோ என்னமோ" என்றார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பினார்.

"வாப்பா இல்லாத வீடு. நீதான் வாப்பாட எடத்துல வலியா நிண்டு தங்கச்சிய முடிச்சிக் குடுக்கணும். அந்தப் புள்ளக்கித்தான் கேட்டிரிக்கன்."

"பெண்சாதிய இழந்தவன் உம்மா. இவளுக்கு முதல் கல்யாணம்."

தங்கச்சி குசினியிலிருந்து வெளியே வந்தாள். மூத்தவன், காக்கா என்று என்னோடு எதிர்த்துக் கதைக்காதவள். "வேணாமெண்டு சொல்ல ஒரு காரணம் சொல்லுங்க காக்கா. நல்ல காரணமா ஒண்டு. நான் கேக்கிறன்" என்றாள்.

என்ன காரணம் சொல்வேன்? அவன் இந்த வீட்டுக்குக் குடிவருவான். நான் பிறந்த வீட்டுக்கு நான் விருந்தாளியாக வர, அவன் கதவைத் திறப்பான். உம்மாவின் கைச்சோறு நாளாந்தம் அவனுக்கு, பெருநாளைக்கு எனக்கு. இதை ஒரு காரணமென்று தங்கச்சியிடம் சொல்ல முடியுமா?

"ஒண்டுமில்ல. நல்ல புள்ளதான்" என்றேன்.

நிக்காஹ் எங்கள் வீட்டு முன்றலில் நடந்தது. பாயில் நேருக்கு நேர் உட்கார்ந்தோம். நிக்காஹ் நடத்த வந்த லெப்பை எங்கள் வலக்கைகளைச் சேர்த்துவைத்து, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லித் தந்தார். அந்தக் கையை நான் ஆய்வுகூடத்தில் ஊசி குத்துவதற்காகப் பிடித்திருக்கிறேன். நரம்பும் எலும்புமாக இருந்த கை. இப்போது பெருவிரலின் அடியில் சதை தடித்து, இளஞ்சூடாக, என் கையை நிரப்பிக்கொண்டு இருந்தது. உம்மாவின் கஞ்சி, அவித்த முட்டை, தங்கச்சியின் சூரைமீன் ஆணம். அந்தக் கையில் இருந்தது எங்கள் வீட்டுச் சதை.

நான் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். லெப்பை இரண்டாம் தரமும் சொல்லித் தந்தார். தங்கச்சியின் பெயரைச் சொல்லி, "உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்றேன். "ஏற்றுக்கொண்டேன்" என்றான் அவன், சபை முழுக்கக் கேட்கும்படி.

துஆவுக்கு எல்லாரும் கையேந்தினார்கள். நாங்கள் இருவர் மட்டும் பிடித்த கையை விடவில்லை. நான் இறுக்கினேன், அவனும் இறுக்கினான். அவன் கண் நிறைந்திருந்தது. நான் என்னுடையதை யாருக்கும் காட்டவில்லை.

"போதும் மக்காள், கைய விடுங்க" என்றார் லெப்பை. சபை சிரித்தது.

முதலில் விட்டது நான்தான்.